டெய்சி அக்கா காருக்கு நம்பர் வாங்கின கதை

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து பிழைக்கிறவங்களுக்கு ஊர்ல ரெண்டே பேர்தான்: வேலை முடியற வரைக்கும் ‘மேடம்’, முடிஞ்ச மறு நிமிஷம் ‘புரோக்கர்’. பதினேழு வருஷமா ரெண்டுக்கும் ‘சொல்லுங்க’ன்னு திரும்பிப் பாத்துப் பழகிட்டேன். அம்பத்தூர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில பாதி இடம் என்னோடது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு நாற்காலி. மூணாவதா ஒருத்தர் வந்தா நான் எழுந்து நிக்கணும். எல்.எல்.ஆர்., எஃப்.சி., பேர் மாத்தறது, அட்ரஸ் மாத்தறது, தொலைஞ்ச ஆர்.சி.க்கு டூப்ளிகேட், எது வேணும்னாலும் செஞ்சு குடுப்பேன்.

ஜெராக்ஸ் கடைக்கும் கவுன்டருக்கும் நடுவுல நடந்து நடந்து செருப்பு தேஞ்ச என் இனமே, உங்களுக்குத்தான் இதை எழுதறேன். ‘ஒரு சின்ன பேப்பர்தாம்மா பாக்கி’ன்னு யாராவது சொன்னா உங்களுக்கும் வயித்தைக் கலக்கும்தானே? எனக்குக் கலக்கினதுலயே பெரிசு டெய்சி அக்காவோட கார்தான்.

மூணு ரப்பர் பேண்டு போட்ட ஃபைல்

அன்னிக்குக் கடைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் சபாபதி சார். பாடியில ஸ்பிரிங் கம்பெனி வெச்சிருந்தவர். இப்ப அதை மகன் பாத்துக்கறான், இவர் பழைய கார் வெச்சிருக்கறவங்க சங்கத்துக்குச் செயலாளர். கூட வந்தது டெய்சி அக்கா. அறுபத்தி மூணு வயசு, குட்டையா வெட்டின முடி, காட்டன் புடவை, கால்ல ஷூ. ஆவடிக்காரங்க. முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலாந்துல நர்ஸா இருந்துட்டு, வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பினவங்க. மத்தவங்க திரும்பி வரும்போது டிவி, மிக்ஸி, சாக்லேட்னு கொண்டு வருவாங்க. இந்தம்மா அரை நூற்றாண்டுக்கு முந்தின ரெண்டு கதவு கார் ஒண்ணைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்திருக்காங்க.

அம்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிங்களுக்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு. நம்பர் பிளேட்ல ‘வி.ஏ.’ன்னு ரெண்டு எழுத்து வரும். கண்காட்சிக்கு, சங்கத்து ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு ஓட்டலாம். தினம் காய்கறி வாங்கப் போக முடியாது. சபாபதி சார் சங்கம் இதுவரைக்கும் இங்கயே கிடந்த வண்டிங்களுக்குத்தான் அந்த நம்பர் வாங்கிக் குடுத்திருக்கு. கப்பல்ல வந்தது இதுதான் முதல். எனக்கும் அப்படித்தான். ஃபைலைப் பிரிச்சுப் பாத்தேன். கஸ்டம்ஸ் பேப்பர்ல டெய்சி அக்கா பேர் சுத்தமா இருந்துச்சு. ஆனா அட்ரஸுக்குன்னு வெச்சிருந்தது எல்லாமே எப்பவோ இடிச்சுட்ட பழைய வீட்டு விலாசம். இப்ப இருக்கற வீடு, கரன்ட் பில், தண்ணி வரி எல்லாம் தம்பி பேர்ல.

நான் உடனே என் அனுபவத்தைக் காட்டினேன். ‘ஏங்க்கா கஷ்டப்படறீங்க? கஸ்டம்ஸ்ல ஒரு லெட்டர் குடுத்து தம்பி பேருக்கே மாத்தப் பாக்கலாம். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அவங்கதானே அலையணும்?’ அக்கா ஃபைலை மூடி, மூணு ரப்பர் பேண்டையும் நிதானமா மறுபடி மாட்டினாங்க. சபாபதி சார் என்னைப் பாத்துக் கண்ணாலயே ‘போச்சு’ன்னார். அக்கா கத்தல. ஊசி போடறதுக்கு முன்னாடி நர்ஸுங்க பேசுவாங்களே, அந்தக் குரல்ல சொன்னாங்க:

“ஆவடி வீடு நான் அனுப்பி அனுப்பிக் கட்டினது, அது தம்பி பேர்ல இருக்கு. தங்கச்சிக்குன்னு வாங்கின மனை அவ வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. இந்தக் கார் ஒண்ணுதான் எனக்குன்னு நான் வாங்கினது. இதுவும் எம் பேர்ல வராதுன்னா இப்பவே சொல்லிடும்மா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

எந்த மாசம் பொறந்துச்சு?

வேற ஆளைப் பாக்க விடுவேனா? எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சம்மணம் போட்டு உட்காராத குறையா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தேன். முதல் பக்கத்துலயே முட்டிக்கிச்சு. வண்டி எந்த மாசம் தயாரானதுன்னு கேக்குது. நம்மகிட்ட இருக்கற பேப்பர்ல வருஷம் மட்டும்தான். மாசம் போடாம அடுத்த பக்கம் வராது. சும்மா ஜனவரின்னு தட்டிவிட்டுப் போயிடலாம்னு கை போச்சு. ஒரு தடவை ஒரு லாரிக்கு அப்படித் தட்டிவிட்டு, அதுக்கு ரெண்டு வருஷம் பதில் சொன்னவ நான். கையை எடுத்துட்டேன்.

சபாபதி சார் கொஞ்சமும் அசரல. இங்கிலாந்துல இதே மாடல் கார் வெச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்காம். அதுல ஆர்தர்னு ஒரு தாத்தா, கம்பெனியோட பழைய ரெஜிஸ்டர் காப்பியெல்லாம் வீட்டுல அடுக்கி வெச்சிருக்காராம். வண்டியோட சேஸ் நம்பரைச் சொன்னா, அதாவது கம்பெனி அந்த வண்டிக்குன்னே குடுத்த தனி நம்பரைச் சொன்னா, அது எந்த மாசம் வெளியில வந்துச்சு, என்ன கலர்னு சர்டிஃபிகேட் எழுதி அனுப்புவாராம். கஸ்டம்ஸ் பேப்பர்ல இருந்த நம்பரைப் போட்டு மெயில் அனுப்பினோம். மறுநாளே பதில். செப்டம்பர் மாசம், பச்சைக் கலர், அடியில கையெழுத்து, சங்கத்து முத்திரை. என் பொண்ணு பிறப்புச் சான்றிதழ்ல பேர் சேர்க்க நான் நாலு தடவை நடந்தேன் சாமி! அதைச் சொன்னா சபாபதி சார் பெருமையா மீசையைத் தடவிக்கிறார்:

“பாத்தீங்களா மேடம், நம்மள மாதிரி பைத்தியம் அங்கயும் இருக்கு.”

தம்பி வீட்டு டீ

அட்ரஸுக்கு ஒரு வழி இருந்துச்சு. ‘என் அக்கா என் வீட்டுலதான் இருக்காங்க’ன்னு தம்பி ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்குவேன். லெட்டரை டைப் அடிச்சு எடுத்துட்டு அக்கா கூட ஆவடிக்குப் போனேன். மாடி வெச்ச வீடு, வாசல்ல கிரில் கேட், உள்ள பெரிய சோபா. தம்பி பேரு டேவிட். கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். உக்காருங்க உக்காருங்கன்னு ஃபேனைக் கூட்டி வெச்சார், டீ வந்துச்சு, முறுக்கு வந்துச்சு. லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டு மேஜை மேல வெச்சார்.

‘கையெழுத்துக்கு என்ன மேடம், போட்டுடலாம். ஆனா வண்டியை என் பேர்லயே போட்டுடுங்களேன். அக்காவுக்கு வயசாகுது. நாளைக்கு அக்காவுக்கு ஒண்ணுன்னா நாங்கதானே அலையணும்?’ன்னார். நான் கடையில உட்கார்ந்துக்கிட்டுச் சொன்ன அதே வார்த்தை! அவமானமா இருந்துச்சு எனக்கு. இந்த வார்த்தையை இந்தம்மா எத்தனை தடவை கேட்டிருப்பாங்க, எத்தனை பேப்பர்ல அதுக்காகக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாங்க? அக்கா எல்லாரோட டம்ளரையும் எடுத்துட்டுப் போய்க் கழுவிக் கவுத்து வெச்சாங்க. கையெழுத்தாகாத லெட்டரை மடிச்சுக் கைப்பையில போட்டுக்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அக்கா கூட நடந்தேன். பஸ் தூரத்துல வரும்போது கேட்டாங்க:

“உங்க பக்கம், திருமுல்லைவாயில்ல, ஒரு ஆளுக்கு ரூம் வாடகைக்குக் கிடைக்குமா சுமதி?”

ஒரு ஆளுக்கு வீடு

அறுபத்தி மூணு வயசுல தனியா ஒரு பொம்பளைக்கு வாடகைக்கு வீடு தேடிப் பாத்திருக்கீங்களா? வி.ஏ. நம்பர் வாங்கறது அதைவிட லேசு. ‘புருஷன் எங்க, பசங்க எங்க, ஏன் தம்பி வீட்டுல இல்ல, என்ன பிரச்சினை’ன்னு ஒவ்வொரு வாசல்லயும் விசாரணை. நாலாவது வீட்டுல, ஸ்டேஷனுக்குப் பக்கத்துல மாடியில ஒரு ரூம், சின்ன கிச்சன். ஓனரம்மா கடைசியா, ‘சரி, கூட யாரு இருப்பாங்க?’ன்னாங்க. ‘யாரும் இல்ல, ஒரு கார் இருக்கு, அது குமணன்சாவடி ஷெட்ல பெயின்டுக்கு நிக்குது’ன்னு அக்கா நேர்மையாச் சொல்லிட்டாங்க. அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாங்க. கார் வெச்சிருக்கறவங்க எதுக்கு ஒத்தை ரூம்ல இருக்கணும்னு அவங்களுக்குப் புரியல. நானும் விளக்கல. ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமென்ட் அடிச்சோம். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல கேட் திறக்க மாட்டோம்னு மொத்தம் பன்னெண்டு கண்டிஷன்.

அந்த அக்ரிமென்ட்டை வெச்சு ஆதார்ல அட்ரஸ் மாத்தினேன். முதல் தடவை ஸ்கேன் சரியில்லன்னு திருப்பினாங்க, ரெண்டாவது தடவை ஏத்துக்கிட்டாங்க. அக்கா ரெண்டே பெட்டியோட குடி வந்தாங்க. நான் பாத்திரம் ஒதுங்க வைக்கப் போனேன். மனசு கேக்கல. ‘ஒரு காருக்காக, கட்டின வீட்டை விட்டு வந்துட்டீங்களேக்கா’ன்னு சொல்லிட்டேன். அக்கா அந்தப் பன்னெண்டு கண்டிஷனை எடுத்து என்கிட்ட நீட்டினாங்க.

“சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு அந்த வீட்டுலயும்தான் சொன்னாங்க. இங்க அதைப் பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காங்க, எம் பேரைப் போட்டு.”

இன்ஷூரன்ஸ்காரர் போட்ட கூட்டல்

நடுவுல இன்ஷூரன்ஸ். எந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணினாலும் வண்டியோட வருஷத்தைக் கேட்டதும் லைன் கட்டாயிடும். கட் பண்றாங்களா, மயக்கம் போட்டு விழறாங்களான்னு தெரியாது. கடைசியா சங்கத்துக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நேர்லயே வந்தார். வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், அக்காவோட லைசென்ஸை வாங்கிப் பாத்தார், பேனாவை மூடிக்கிட்டுச் சிரிச்சார்:

“வண்டி வயசையும் ஓனர் வயசையும் கூட்டினா எங்க கம்பெனி வயசைத் தாண்டுது மேடம், ஆனா ரெண்டும் என்னைவிட நல்லா இருக்கு, போட்டுடலாம்.”

மூஞ்சி தெரியற தகடு

அப்ளிகேஷன் போய்ச் சேர்ந்துடுச்சு. வர்ற வியாழக்கிழமை மூணு ஆபீசர் சேர்ந்த குழு வண்டியைப் பாக்கும்னு மெசேஜ் வந்துச்சு. அன்னிக்கு சேஸ் நம்பர் பென்சில் பிரின்ட் வேணும். நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குச் சொல்றேன். இரும்புல அடிச்சிருக்கற நம்பர் மேல மெல்லிசுப் பேப்பரை வெச்சுப் பென்சிலால தேய்ச்சா, நம்பர் அப்படியே பேப்பர்ல எழும்பி வரும். அதுவும் கஸ்டம்ஸ் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா அது யார் வண்டியோ. வி.ஏ. நம்பர் கிடையாது.

வண்டி காதர் பாய் ஷெட்ல இருந்துச்சு. குமணன்சாவடியில டிங்கரிங், பெயின்டிங்னா எல்லாரும் பாயைத்தான் கை காட்டுவாங்க. கப்பல்ல வந்த உப்புக் காத்துல அரிச்சிருந்த வண்டியை, ஆர்தர் தாத்தா எழுதின அதே பச்சையில, நாலு கோட் அடிச்சு வெச்சிருந்தார். அடடா, கண்ணு பட்டுடும் போல! அக்கா வண்டியையே சுத்திச் சுத்தி வந்தாங்க. நான் பென்சிலை எடுத்துக்கிட்டு, ‘பாய், இன்ஜின் பக்கத்துல நம்பர் போட்ட தகடு ஒண்ணு இருக்குமே’ன்னேன். பாய் முகமெல்லாம் சிரிப்பா உள்ள போய், மஞ்சத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து என் கையில வெச்சார். பிரிச்சேன். தகடு தகதகன்னு மின்னுது. என் மூக்குத்தி அதுல தெரியுது. நம்பர் மட்டும் தெரியல. தடவிப் பாத்தேன், வழவழன்னு இருக்கு.

நம்ம ஊர் வண்டின்னா நம்பர் எங்க இருக்கும்னு பாய் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவார். இந்தத் தகட்டை ஏதோ கம்பெனி பேர் போட்ட பட்டயம்னு நெனச்சுட்டார். வேலையில அசிங்கம் இருக்கக் கூடாது அவருக்கு. அந்த சுத்தத்துக்காகத்தான் சங்கத்துக்காரங்க எல்லாரும் அவர்கிட்ட வர்றாங்க. ‘நம்பர் எங்க பாய்?’னு கேட்டேன்.

“இன்னா நம்பரு? ஒரே கீறலும் துருவுமா கீதேன்னு பாடியில பாலிஷ் பட்டறைக்கு எடுத்துகினு போயி மூணு வாட்டி பஃபிங் அடிச்சேன் சுமதிம்மா. பாரேன், மூஞ்சி பாத்து பவுடர் போட்டுக்கலாம்!”

தாத்தா போட்ட அம்புக்குறி

விஷயம் புரிஞ்சதும் பாய்க்கு வேர்த்து ஊத்துச்சு. ‘பஞ்ச் செட்டு என்னாண்டயே கீது, ஒரு மணி நேரத்துல அதே நம்பரை அடிச்சுர்றேன்’னார். நான் கத்தின கத்துல பக்கத்து டீக்கடையில இருந்து ரெண்டு பேர் எட்டிப் பாத்தாங்க. ‘அது குத்தம் பாய்! நீங்க உள்ள போவீங்க, பின்னாடியே நானும் வருவேன், அக்கா வண்டி ஸ்டேஷன் வாசல்ல துருப்பிடிக்கும்.’ பாய் தலையில அடிச்சுக்கிட்டார். டெய்சி அக்கா அவரைத் திட்டல. என்னை மட்டும் பாத்து, ‘இன்னும் எத்தனை நாள் இருக்கு?’ன்னாங்க. நாலு நாள். தேதி போனா மறுபடி எப்பக் குடுப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதைவிட, ‘நான் அப்பவே சொன்னேனே அக்கா’ன்னு டேவிட் சொல்றதுக்கு ஒரு வாய்ப்பு கிடைச்சுடும். அக்கா வாயைத் திறந்து சொல்லல, ஆனா எனக்குத் தெரிஞ்சுச்சு.

சபாபதி சார்தான் அன்னிக்கு எங்களைக் காப்பாத்தினார். மறுபடி ஆர்தர் தாத்தாவுக்கு மெயில். தகட்டைத் தவிர வேற எங்கயாவது நம்பர் அடிச்சிருக்குமான்னு கேட்டார். மறுநாள் காலையில பதில் வந்துச்சு. எண்பது வயசுக்காரர், எங்களுக்காகத் தன் காருக்கு அடியில படுத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். முன்பக்க ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல, அடிச்சட்டத்துல, நம்பர் அடிச்சிருக்கு. அந்த இடத்துக்குச் சாக்பீஸால ஒரு அம்புக்குறி வேற. சபாபதி சார் கைதட்டினார். நான் அக்காவைக் கட்டிப் பிடிச்சேன். போனை வாங்கிப் பாத்த பாய் மட்டும் சிரிக்கல. பக்கத்துல இருந்த பெயின்ட் டின் மேல மெதுவா உட்கார்ந்துட்டார்.

“அந்த எடம் எனக்கு நல்லா தெரியும். சின்னச் சின்னப் பள்ளமா வரிசையா கீதேன்னு நான்தான் பட்டி வெச்சு அடைச்சேன்.”

ஒரு நாள் முழுக்க வண்டிக்கு அடியில

மெஷின் போட்டுத் தேய்ச்சா அஞ்சு நிமிஷம்னார் சபாபதி சார். பாய் ஒத்துக்கல. மெஷின் பட்டிய எடுக்கும், கூடவே நம்பரையும் எடுக்கும். ‘நான் மூடினதை நான்தான் தொறப்பேன், ஆரும் கை வெக்காதீங்க’ன்னு சொல்லிட்டு, பெயின்ட் கரைக்கற மருந்து, பழைய டூத் பிரஷ், சீவின மூங்கில் குச்சி மூணையும் எடுத்துட்டு வண்டிக்கு அடியில போனார். முட்டி வலின்னு நாற்காலியில உட்கார்ந்து தொழுகிற மனுஷன். அக்கா புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சாக்கை விரிச்சு அவர் பக்கத்துலயே படுத்து டார்ச் அடிச்சாங்க. ‘இங்க கொஞ்சம் மெதுவா பாய்’, ‘புண்ணைத் தொடைக்கற மாதிரி தொடைங்க’ன்னு ஒரே நர்ஸ் அதிகாரம்.

நானும் சபாபதி சாரும் கஸ்டம்ஸ் பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்திருந்தோம். பதினேழு வருஷத்துல எத்தனையோ கேஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கு; தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் பாத்திருக்கேன். அன்னிக்கு எனக்கு நிஜமாவே பயமா இருந்துச்சு. முதல் எழுத்து வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அக்கா உள்ள இருந்து சத்தமாப் படிப்பாங்க, சார் பேப்பர்ல டிக் அடிப்பார். அஞ்சு எழுத்து வந்துச்சு. ஆறாவது இடத்துல துரு அரிச்சு, வெறும் கறுப்பா இருக்குன்னாங்க. பாங்கு சத்தம் கேட்டுச்சு. பாய் வெளிய வந்து, கை கால் கழுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். வந்தார். மறுபடி அடியில போனார். முக்கா மணி நேரம் கழிச்சு, ‘ஏழு!’ன்னு அக்கா கத்தினாங்க. பேப்பர்லயும் ஏழு. மிச்சம் ரெண்டும் சுலபமா வந்துடுச்சு.

நான் பென்சிலைக் குடுத்தேன். பாய் பேப்பரை வெச்சுத் தேய்ச்சார். எட்டு எழுத்தும் சாம்பல் கலர்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா எழும்பி வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, மறைப்பானேன். பாய் வெளிய வந்து, முகமெல்லாம் பச்சைப் பெயின்ட்டோட, எங்க மூணு பேரையும் பாத்து விரலை நீட்டினார்:

“அந்த எடத்துல இனிமே ஒரு சொட்டு பெயின்டு உழக் கூடாது, ஆருனா கேட்டா காதர் சொன்னான்னு சொல்லு.”

ஓனர் யாரு?

வியாழக்கிழமை. நம்பர் இல்லாத வண்டி ரோட்டுல ஓடக் கூடாதுன்னு ரெகவரி வண்டியில ஏத்தித்தான் கொண்டு போனோம். மூணு ஆபீசரும் நல்லவங்கதான், நிதானமாப் பாத்தாங்க. ஆனா எல்லாக் கேள்வியும் சபாபதி சாருக்கே போகுது. ‘இன்ஜின் ஒரிஜினலா சார்?’னு அவரைக் கேப்பாங்க, பதில் டெய்சி அக்கா சொல்லுவாங்க. ‘கியர் பாக்ஸ் மாத்தினதா சார்?’ அதுக்கும் அக்காதான். பதிலைக் கேட்டுட்டு மறுபடி சார் பக்கம் திரும்பிக்குவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சார் பாவம், ரெண்டு அடி பின்னாடி நகர்ந்து நின்னார். அப்பவும் கேள்வி அவரைத் தேடிட்டுப் போச்சு.

‘சரி, ஸ்டார்ட் பண்ணுங்க சார்’னாங்க. அக்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாங்க. வண்டி முனகுச்சு, நின்னுச்சு. மறுபடி முனகுச்சு, நின்னுச்சு. அக்கா பதறாம இறங்கினாங்க. பானெட்டைத் தூக்கினாங்க. கால் ஷூ ஒண்ணைக் கழட்டி, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏத்தற பம்ப் மேல ‘டொக்’குன்னு ஒரே தட்டு. ஷூவை மாட்டிக்கிட்டு ஏறித் திருகினாங்க. ஒரே பிடியில கிளம்பிடுச்சு, நல்லா அழகா, தையல் மெஷின் சத்தத்துல. பெரிய ஆபீசர் கையில இருந்த பேப்பரைப் பாத்தார், பென்சில் பிரின்ட்டைப் பாத்தார், ஒத்தைக் கையால முடியை ஒதுக்கிக்கிட்டு ஸ்டீரிங் முன்னாடி உட்கார்ந்திருக்கற அக்காவைப் பாத்தார். சபாபதி சார்கிட்ட நீட்டியிருந்த பேனாவை அப்படியே அக்கா பக்கம் திருப்பினார்:

“மன்னிச்சுக்கங்கம்மா, ஆரம்பத்துலயே உங்களைத்தான் கேட்டிருக்கணும்.”

கார்டுல இருந்த ஒரு வரி

ஆர்.சி. கார்டு தபால்ல திருமுல்லைவாயிலுக்கு வந்துச்சு. ‘வா’ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு அக்கா போனை வெச்சுட்டாங்க. என் ஸ்கூட்டரை எடுத்துட்டு ஓடினேன். அக்கா மேஜை மேல கார்டை வெச்சுட்டு, படிக்கற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கவரைக்கூடக் கிழிக்காம கத்தரியால நேரா வெட்டியிருந்தாங்க. வி.ஏ. நம்பர் இருந்துச்சு, திருமுல்லைவாயில் விலாசம் இருந்துச்சு, அவங்க பேர் முழுசா இருந்துச்சு. நான் ஒரு தப்பும் இல்லையான்னு வழக்கம் போல வரி வரியாப் பாத்துட்டு, ‘எல்லாம் சரியா இருக்குக்கா’ன்னேன்.

அக்கா கார்டை வாங்கி, விரலை ஒரு வரிக்குக் கீழ வெச்சாங்க. ஓனர் சீரியல் நம்பர். வண்டி எத்தனை கை மாறியிருக்குன்னு காட்டற இடம். பழைய வண்டி வாங்கறவங்களும் விக்கறவங்களும் மட்டும் பாக்கற வரி. ஆயிரம் கார்டு பாத்திருப்பேன், நான் அதை நின்னு படிச்சதே இல்ல. அக்கா அதைப் படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க. கார்டை என் பக்கம் திருப்பினாங்க:

“எங்க வீட்டுல எந்த லிஸ்ட் போட்டாலும் நான் கடைசி சுமதி, இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கான், பாரு.”

அன்னிக்கு வீடு திரும்பும்போதுதான், ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பேர் மாத்திக் குடுக்கற நான் ஓட்டற ஸ்கூட்டரே என் வீட்டுக்காரர் பேர்லதான் ஓடுதுன்னு உறைச்சுது. மறுநாள் காலையில காபி டம்ளருக்குப் பக்கத்துல பேர் மாத்தற ஃபார்ம் ரெண்டையும் வெச்சேன், மனுஷன் ‘புரோக்கருக்கு எவ்வளவு?’ன்னு கேட்டுக்கிட்டே கையெழுத்துப் போட்டார்.